சொந்தமா மொழி செய்றவங்க யாராவது உண்டா? எங்க வீட்டு 'சிரட்டப்பேச்சு' பத்தி கொஞ்சம் பேசணும்

ரப்பர்மூடு:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்ப தான் எழுதறேன், நீளமா போகும் பொறுத்துக்கோங்க. நமக்கு வீடு களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், கேரள எல்லை செக்போஸ்ட்டுக்கு நடந்தே போயிரலாம். சின்னதுல நானும் அக்காவும் விடியுறதுக்கு முன்ன அப்பா கூட ரப்பர் மூட்டுக்கு (மூடுன்னா எங்க ஊர்ல மரம்) போவோம். நாங்க முன்னால போயி பால் பிடிக்கிற சிரட்டையில (கொட்டாங்குச்சி) காய்ஞ்சு கெடக்கிற பாலை, ஒட்டுப்பால்னு சொல்லுவோம், உரிச்சு கூடையில போட்டுட்டே போகணும், அப்பா பின்னால பால் வெட்டிட்டு வருவாரு. இருட்டு, கொசு, ஒட்டுப்பால் நாத்தம், பேச்சு தான் ஒரே துணை. அப்பாவுக்கு புரியாம பேசணும்னு தான் முதல்ல க பாஷை ஆரம்பிச்சோம், எழுத்துக்கு முன்னாடி ஒரு க போட்டு 'கவா கடா'ன்னு. ஒரு வாரம் ஓடிச்சு. ஒரு நாள் சாயா குடுக்கும்போது அம்மா அதே க பாஷையில எங்கள விட வேகமா திருப்பி சொன்னா. அவ படிக்கிற காலத்துலயே இதெல்லாம் உண்டாம்.

அன்னைக்கு தான் அக்கா சொன்னா, தமிழுக்கு மேல சட்டை போட்டா அது தமிழ் தான், நமக்கு வேற வார்த்தை வேணும்னு. அப்பிடி ஆரம்பிச்சது சிரட்டப்பேச்சு. நாப்பது பக்க ரூல்டு நோட்டு, நானூறு வார்த்தை பக்கம் இருக்கும். அக்கா கல்யாணமாயி போனப்ப அதுவும் நின்னு போச்சு.

இப்ப அக்கா மக எட்டாங்கிளாஸ், போன லீவுக்கு வந்தவ பரண்ல இருந்து அந்த நோட்டை எடுத்துட்டா. 'மாமா இத எனக்கு சொல்லித்தா'ன்னு ஒரே பிடி. ரெண்டு மாசமா நாங்க ரெண்டு பேரும் அதுல தான் இருக்கோம். வார்த்தை சேக்கிறது லேசு, இலக்கணம்னு வந்ததும் முட்டி நிக்கிறோம். இது செஞ்சவங்க எங்க இருந்து ஆரம்பிச்சீங்க? சொல்லுங்களேன்.

வாளையார்பஸ்:
அண்ணா படிச்சதும் ரொம்ப சந்தோஷமா போச்சுங்க. நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா, வீட்டுல தமிழ், கடையில மலையாளம், பஸ்ல ரெண்டும். எங்க சித்தப்பா பசங்களோட நாங்களும் செஞ்சோம், ஆனா இருபது வார்த்தையில நின்னு போச்சு, காரணம் இப்ப புரியுது, ஒவ்வொரு வார்த்தையா புதுசா யோசிச்சோம், ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் சொந்தமே இல்ல. எங்க ஊர்ல இருக்கிறவனுக்கு ஒரு வசதி உண்டுங்க, அதை நீங்களும் கவனிச்சிருப்பீங்க. நாம கஞ்சிங்கறோம் அவங்க கஞ்ஞிங்கறாங்க, தேங்காய் தேங்ங, மாங்காய் மாங்ங, வந்து வந்நு. மெல்லினம் பக்கத்துல இருக்கிற வல்லினத்த தன் பக்கம் இழுத்துக்குது. ஆனா எல்லாத்தையும் இழுக்கல, பாம்பு பாம்பாவே இருக்கு, வண்டி வண்டியாவே இருக்கு. ஒரே ஒரு விதி எங்க பிடிக்குது எங்க விடுதுன்னு தெரிஞ்சா நூறு வார்த்தை தன்னால மாறுது. உங்க நோட்டுல இருக்கிற நானூறையும் பழைய மொழின்னு வச்சுக்குங்க, ஒரு விதி போட்டு பிள்ளை மொழி ஒண்ணு பிறக்க வைங்க. வார்த்தைக்கெல்லாம் சொந்தபந்தம் வந்துரும்.

பள்ளிப்பட்டு_அக்கா:
தம்பி சொன்னதுக்கு எங்க பக்கத்துல இருந்து ஒண்ணு. எங்களுக்கு சந்தைக்கு போனா ஆந்திரா பக்கம் நகரி புத்தூர், பாதி சனம் தெலுங்கு தான். நம்ம ழ அந்தப் பக்கம் போனதும் பல இடத்துல ட ஆயிடுது, ஏழுக்கு ஏடு, கோழிக்கு கோடி. சின்னப் பொண்ணா இருந்தப்ப எங்க ஆயா கூட கோழி விக்கப்போயி அந்தம்மா கோடி கோடின்னு சொல்லவும் நான் பணம்னு நெனச்சு முழிச்சேன். அப்புறம் தான் எங்க ஆயா சொல்லுச்சு, அவங்க ஊர்ல ழ இல்லடி, டவாயிடும்னு. படிக்காத மனுஷி, ஒரு ஒலி விதியை அப்படியே சொல்லிடுச்சு. சந்தையில இருந்தவங்களுக்கு அது தெரிஞ்சே இருந்தது.

ரப்பர்மூடு தம்பி, ஒரு கேள்வி, உங்க மொழியில வினையில ஆண் பெண் முடிவு உண்டா? வந்தான் வந்தாள் மாதிரி. இத முதல்ல முடிவு பண்ணுங்க, மத்ததெல்லாம் இதுல தொங்குது.

ரப்பர்மூடு:
அக்கா அந்த ஆயா கதை மனசுல நின்னு போச்சு.

வினை முடிவு கேட்டீங்க. சின்னதுல நாங்க அதை யோசிக்கவே இல்ல, நோட்டுல பாத்தா முடிவே கிடையாது, அவன் அவள் அது எல்லாத்துக்கும் வினை ஒண்ணு தான். இப்ப யோசிச்சா புரியுது, தெருவுல கேட்ட மலையாளம் உள்ள ஏறியிருக்கு, அங்க அவன் வந்நு, அவள் வந்நு, பட்டி (நாய்) வந்நு, எல்லாம் ஒரே வந்நு. நாங்க தமிழ்ல யோசிச்சு மலையாளத்துல கட்டியிருக்கோம், ஓர்மை இல்லாமலே. மருமக இதைக் கேட்டுட்டு 'அப்ப நம்ம மொழி யாரு செஞ்சாங்கன்னு சொல்லாதா மாமா'ன்னு கேட்டா. சொல்லாதுன்னேன். 'அப்ப வேற எதையாவது சொல்லணும்'ன்னா. அந்த இடம் காலியா இருக்கக் கூடாதுங்கிறா.

பள்ளிப்பட்டு_அக்கா:
புத்திசாலிப் பொண்ணு. காலியா விடாதீங்க. தெலுங்குல பாருங்க, ஆம்பளைக்கு வச்சாடு, பொம்பளை வந்தாலும் வச்சிந்தி, நாய் வந்தாலும் வச்சிந்தி. மரியாதைன்னா வச்சாரு. எனக்கு கல்யாணமான புதுசுல என்னையும் மாட்டையும் ஒரே முடிவுல சொல்றாங்களேன்னு கோவம் வந்துச்சு. அது இலக்கணம், யாரும் வேணும்னு செய்றது இல்லன்னு பின்னாடி புரிஞ்சுது, ஆனா நீங்க புதுசா செய்றீங்க இல்ல, உங்களுக்கு அந்த சாக்கு கிடையாது. எதை எதோட சேக்குறீங்க எதைப் பிரிக்கிறீங்கன்னு யோசிச்சு செய்ங்க.

இலக்கணப்பித்து:
நல்ல இழை. நான் இந்த விஷயத்துல பதினஞ்சு வருஷமா ஊறிக்கிடக்கிறவன், அதனால கொஞ்சம் பின்னணி.

உலகத்துல இதுக்கு ரெண்டு மூணு வழி இருக்கு. எஸ்பெராண்டோங்கிற மொழிய செஞ்ச சாமென்ஹோஃப் 1887-ல முதல் புத்தகம் போட்டாரு, அவருக்கு வேணும்ங்கிறது எல்லாரும் சுலபமா கத்துக்கிறது. பெயர்ச்சொல் எல்லாம் ஓ-ல முடியும், பெயரடை எல்லாம் ஆ-ல முடியும், 'மல்'னு ஒரு முன்னொட்டு போட்டா எதிர்ப்பதம், 'போனா'ன்னா நல்ல, 'மல்போனா'ன்னா கெட்ட. ஒரு வார்த்தை படிச்சா ரெண்டு கிடைக்குது. அதுக்கு நேரெதிர் தத்துவம் டோக்கி போனா, சோஞா லாங் 2001-ல வெளியிட்டது, ஏறக்குறைய 120 வார்த்தை, 14 எழுத்து, அவ்வளவு தான். டெலோன்னா தண்ணி, எந்த திரவமும் டெலோ தான். கொஞ்சத்துல எல்லாத்தையும் சொல்லிப் பழகறதே அதோட நோக்கம். மூணாவது கதைக்காக செய்றது. கதாசிரியர் டோல்கீன் ஃபின்னிஷ் ஓசையில மயங்கி குவென்யா செஞ்சாரு, வெல்ஷ் ஓசையில சிண்டரின். மார்க் ஓக்ராண்ட் ஸ்டார் ட்ரெக் படத்துக்காக கிளிங்கான் செஞ்சப்போ வேற்றுக்கிரக ஆளுங்க பேசுறதுன்னு வேணும்னே செயப்படுபொருள் முதல்ல, வினை நடுவுல, எழுவாய் கடைசியிலன்னு வச்சாரு, மனுஷ மொழிகள்ல ரொம்ப அபூர்வமான வரிசை அது. நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சது பாகுபலியில காலகேயர் பேசுற கிளிக்கி, மதன் கார்க்கி செஞ்சது.

ஆனா ரப்பர்மூடு, உங்களோடது இதுல எதுவும் இல்ல. உலகத்துக்காகவும் இல்ல, கதைக்காகவும் இல்ல, ஒரு தோட்டத்துக்கும் ரெண்டு பிள்ளைங்களுக்கும் செஞ்சது. அதனால அந்தத் தோட்டத்துக்கு எது தேவைன்னு பாருங்க. வினை முடிவுல என்ன வைக்கலாம்னு தேடுறீங்கன்னா எனக்கு ஒரு யோசனை: தெரிஞ்ச விதம். அதாவது பேசுறவனுக்கு அந்த சேதி எப்படி தெரிஞ்சதுங்கிறதை வினையே சொல்றது. நம்மகிட்ட ஒரு துண்டு இருக்கு, வந்தானாம். அந்த ஆம் வந்துட்டா நான் பாக்கல, கேள்விப்பட்டேன்னு அர்த்தம். மலையாளத்துல அத்ரே, தெலுங்குல வச்சாடட. மூணு மொழிக்கும் இருக்கு, ஆனா மூணுலயும் அது இஷ்டம் இருந்தா போடுறது. நீங்க கட்டாயமாக்கிப் பாருங்க.

ரப்பர்மூடு:
சார், இதைப் படிச்சதும் மருமகள கூப்பிட்டு உக்கார வச்சு வாசிச்சுக் காட்டினேன். அவ அப்பவே நோட்டை எடுத்துட்டா. ராத்திரி பதினோரு மணி வரை நாங்க படுக்கல. என்ன செஞ்சோம்னு அப்பிடியே சொல்றேன்.

பலாப்பழத்துக்கு (எங்க ஊர்ல சக்கைன்னு சொல்லுவோம்) எங்க வார்த்தை கொனு. பழுக்கிறதுக்கு சுவி. கண்ணால பாத்தா ரா, கேள்விப்பட்டா மே. கொனு சுவிரா, பலா பழுத்திருக்கு நான் பாத்தேன். கொனு சுவிமே, பழுத்திருக்காம். இதோட முடிச்சிரலாம்னு நெனச்சேன். அவ எழுதறத நிறுத்திட்டு யோசிச்சா. அப்புறம் சொன்னா, 'மாமா, சக்கை பழுத்தது நம்ம வீட்டுல யாரு முதல்ல பாக்குறா? மூக்கு தான பாக்குது?' எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. உண்மை தான், வீட்டுக்குப் பின்னால நிக்கிற சக்கை மூட்டுல இலைக்குள்ள எது பழுத்திருக்குன்னு யாருக்கும் கண்ணுல தெரியாது. காலையில முற்றத்துக்கு வந்தா மணம் வரும், அம்மா அடுக்களையில இருந்தே ஒண்ணு பழுத்தாச்சுன்னு சொல்லிருவா. ரப்பர் ஷீட் உலர்த்துற புகைப்புரையில தீ கூடிப்போச்சான்னும் அப்பா மணத்துல தான் கண்டுபிடிப்பாரு, கதவைத் திறக்கவே மாட்டாரு. ஒட்டுப்பால் ரெண்டு நாள் கூடுதலா கெடந்தா அதுவும் மூக்குக்கு தான் தெரியும். எங்க வாழ்க்கையில பாதி சேதி மூக்கு வழியா வருது, அதுக்கு எங்க மொழி எதுலயும் இடம் இல்ல.

அதனால மூணாவது முடிவு, ஹூ. மூச்சு இழுக்கிற சத்தம், அவ தான் வச்சா. கொனு சுவிஹூ. பழுத்திருக்கு, மணம் வருது. ஒரே வார்த்தையில. எனக்கு அந்த ராத்திரி உறக்கம் வரல சார்.

இலக்கணப்பித்து:
அந்தப் பிள்ளைகிட்ட இதைச் சொல்லுங்க. தென் அமெரிக்காவுல, கொலம்பியா பிரேசில் எல்லையில துயூகான்னு ஒரு மொழி. வினையில தெரிஞ்ச விதத்துக்கு அஞ்சு வகை முடிவு. கண்ணால பாத்தது, கண்ணு அல்லாம மத்த புலன்ல உணர்ந்தது, தடயத்த வச்சு தெரிஞ்சது, அடுத்தவங்க சொன்னது, ஊகிச்சது. காதுல கேட்டது, மூக்குல வந்தது, தோல்ல பட்டது எல்லாம் ரெண்டாவதுல வரும். எட்டாங்கிளாஸ் பொண்ணு ஒரு ராத்திரியில தானா அங்க போய் சேந்திருக்கா, அதுவும் மூக்குக்குன்னு தனியா ஒரு முடிவு வச்சு. அந்த மக்களும் எல்லையில இருக்கிறவங்க தான், வீட்டுக்குள்ள பல மொழி புழங்குற ஊருங்க.

ஓய்வு_வாத்தியார்:
எல்லாருக்கும் வணக்கம். நான் செங்கோட்டைக்காரன், கேரளாவுல தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு நிறைய வருஷம் சொல்லிக்குடுத்தவன். மனசுல பட்டதைச் சொல்றேன், தப்பா எடுக்காதீங்க. எல்லைப்புறத்துப் பிள்ளை ஏற்கெனவே மூணு மொழியில திணறுது. தமிழ்ல ஒரு பத்தி பிழையில்லாம எழுத வராது, மலையாளத்துல பேசும் எழுதாது, இங்கிலீஷ் பரீட்சைக்கு மட்டும். 1956 நவம்பர் 1-ல மாநில எல்லைக் கோடு கிழிச்சப்போ இந்தப் பக்கம் செங்கோட்டையும் குமரியும் வந்துச்சு, அந்தப் பக்கம் தேவிகுளமும் சித்தூரும் நின்னுச்சு, நின்ன இடத்துல தமிழ் படிக்க பிள்ளைங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். இருக்கிற மொழிய காப்பாத்த ஆள் இல்லாதப்போ யாரும் பேசாத மொழிக்கு ராத்திரி பதினோரு மணி வரை உக்காரணுமா? அந்த நேரத்துல பத்து நல்ல புத்தகம் வாசிக்கலாமே.

வாளையார்பஸ்:
ஐயா நீங்க சொன்ன வலி எனக்கும் உண்டுங்க, நான் அந்த சித்தூர் பிள்ளை தான். ஆனா ஒண்ணு சொல்லட்டுங்களா, எனக்கு ஸ்கூல்ல தமிழும் மலையாளமும் ரெண்டு தனித்தனி பாரமா தான் தெரிஞ்சுது. கஞ்சிக்கும் கஞ்ஞிக்கும் நடுவுல ஒரு விதி இருக்குன்னு எனக்கு தெரிஞ்சது நாங்க விளையாட்டுக்கு மொழி செஞ்சப்போ தான். அதுக்கு அப்புறம் மலையாள எழுத்துல எனக்கு பயமே வரலீங்க.

ரப்பர்மூடு:
ஐயா, நீங்க கேட்டது நியாயம் தான், அதனால முழுசா பதில் சொல்லணும்னு ரெண்டு நாள் எடுத்துக்கிட்டேன்.

இவ படிக்கிற இடத்துல ஒரு தடவை இந்த நோட்டை வாங்கி வச்சுக்கிட்டாங்க, கிறுக்கல்னு நெனச்சிட்டாங்க, ஒரு வாரம் கழிச்சு அக்கா போயி கேட்டப்போ தான் கிடைச்சுது. அந்த ஒரு வாரமும் அவ சரியா சாப்பிடல. நான் அவங்கள குறை சொல்லல, வெளிய இருந்து பாத்தா கிறுக்கல் மாதிரி தான் இருக்கும்.

ஆனா உள்ள நடந்தது வேற ஐயா. 'யாரை'ங்கிறதுக்கு உருபு வேணுமான்னு பேச்சு வந்துச்சு. அவ சொன்னா தமிழ்ல ஐ கட்டாயம்னு. நான் சொன்னேன், சாயா குடிச்சேன்னு தான சொல்றோம், சாயாவைக் குடிச்சேன்னா சொல்றோம்? ஆனா மாமாவைப் பாத்தேன்னு சொல்லாம மாமா பாத்தேன்னு சொல்ல முடியுமா? அவ ஒரு மணி நேரம் வீட்டுல பேசுறதெல்லாம் கவனிச்சு எழுதிட்டு வந்தா, எங்க ஐ வருது எங்க வரலன்னு ரெண்டு பக்கம். ஆளுன்னா வருது, பொருள்ன்னா பல நேரம் வரல, ஆனா 'அந்த' சேந்தா பொருளுக்கும் வருது, அந்த சாயாவை எடுன்னு. வேற்றுமைன்னா எட்டுன்னு மனப்பாடம் செஞ்ச பிள்ளை அன்னைக்கு தான் தமிழ் தன் வாயில என்ன செய்யுதுன்னு முதல் தடவை பாத்தா. அப்புறம் நன்னூல்ல குழூஉக்குறின்னு, ஒரு கூட்டத்துக்காரங்க தங்களுக்குள்ள மட்டும் வச்சுக்கிற சொல்லு, இருக்கிறத காட்டினேன், பொற்கொல்லர் பொன்னை பறிங்கிறதும் யானைப்பாகர் ஆடையை காரைங்கிறதும். 'அப்ப நாம குழூஉவா மாமா'ன்னு கேட்டா. ஆமா மக்ளே, நாம தான் குழூஉன்னேன்.

தமிழ் இவளுக்கு பாடமா இருந்துச்சு ஐயா, இப்ப சொந்தக்காரி மாதிரி கேள்வி கேக்குறா.

ஓய்வு_வாத்தியார்:
அந்த ரெண்டு பக்கத்தை பத்திரமா வச்சிருக்கச் சொல்லுங்க தம்பி. 'அந்த' சேந்தா ஐ வருதுன்னு என்கிட்ட படிச்ச ஒரு பிள்ளையும் சொன்னதில்ல. நானும் அதை அப்படி கேக்க வச்சதில்ல, அது எனக்கு இப்ப உறுத்துது. பெரியவங்க பேசுறதையும் கவனிக்கச் சொல்லுங்க, எங்க ஊர்ப் பக்கம் வித்தியாசமா வரலாம், நான் இங்க எழுதி எடுத்து அனுப்புறேன்.

பள்ளிப்பட்டு_அக்கா:
ஐயா இப்படி சொன்னது எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு.

தம்பி எண்ணு எப்படி வச்சிருக்கீங்க? பத்து பத்தா வைக்காதீங்கன்னு தோணுது. எங்க ஆயா கட்டை விரலால மத்த நாலு விரல் கணுவை தொட்டு எண்ணும், ஒரு கைக்கு பன்னெண்டு.

ரப்பர்மூடு:
பன்னெண்டு தான் அக்கா! நோட்டுல அப்பிடியே இருக்கு, பன்னெண்டுக்கு கையின்னே பேரு, பதிமூணுக்கு கையும் ஒண்ணும். சிரட்டை எண்ணும்போது வந்தது. எழுத்து பத்தி யாராவது கேக்குறதுக்கு முன்ன சொல்லிர்றேன், சிதறால் மலைக்கோவில்ல வட்டெழுத்து கல்வெட்டு உண்டு, அவள அங்க கூட்டிட்டு போனேன், பாறையில விரல் வச்சு வளைவு வளைவா தடவிப் பாத்துட்டு வந்து வரைஞ்சிட்டு இருக்கா. முடிஞ்சதும் போடுறேன்.

முக்கியமா சொல்ல வந்தது வேற. வாளையார் தம்பி பிள்ளை மொழின்னு சொன்னாருல்ல, அதை நான் செய்ய வேண்டி வரல, அதுவா நடந்துட்டு. அவ சுவிராங்கிறத சுயிரான்னு தான் சொல்றா. முதல்ல திருத்தினேன். அக்கா ஃபோன்ல கேட்டுட்டு 'விடுல, அவ பேசட்டும்'ன்னா. அப்புறம் நோட்டை எடுத்து பாத்தேன், நடுவுல வ வர்ற வார்த்தை பதினொண்ணு, பத்துலயும் அவளுக்கு ய ஆயிருக்கு. நான் பேசுறது பழைய சிரட்டப்பேச்சு, அவ பேசுறது புதுசு. முப்பது வருஷத்துல ஒரு ஒலி விதி, எங்க வீட்டுக்குள்ளயே.

தப்பின ஒண்ணு எவெ. அம்மாவுக்கு நாங்க வச்ச பேரு. அதை மட்டும் அவ எயென்னு சொல்றது இல்ல, எவெ தான். நான் சொல்லிக்குடுக்கல. அம்மா இருந்த காலத்துல இவள தூக்கி வச்சுட்டு 'நான் உனக்கு எவெ'ன்னு சொல்லுவா. எங்க மொழியில அம்மாவுக்குத் தெரிஞ்ச ஒரே வார்த்தை அது தான், நோட்டுல இருந்து இல்ல, அம்மா வாயில இருந்து இவளுக்கு போயிருக்கு.

வாளையார்பஸ்:
அண்ணா இதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் வெளிய போய் நின்னுட்டு வந்தேன். காதுல கேட்ட வார்த்தை நிக்குது, எழுத்துல வந்தது மாறுது. பாம்பும் வண்டியும் ஏன் தப்பிச்சதுன்னு கேட்டா ஒலியில காரணம் சொல்லலாம், எவெக்கு காரணம் வேறங்க.

மருமககிட்ட சொல்லுங்க, நானும் ஒரு வாக்கியம் எழுதிப் பாத்தேன்: கொனு சுயிஹூ. சரியா?

ரப்பர்மூடு:
அவ பக்கத்துல தான் இருக்கா. வாக்கியம் சரி, புதுப்பேச்சுல எழுதினது அவளுக்கு ரொம்ப பிடிச்சுது. ஆனா முடிவு தப்புங்கிறா. நீங்க எங்க வீட்டு சக்கையை இங்க படிச்சு தான தெரிஞ்சுக்கிட்டீங்க, அப்ப சுயிமே தான் வரும், ஹூ போடக்கூடாதாம்.

வாளையார்பஸ்:
இல்லீங்க, நான் உங்க வீட்டு சக்கைய சொல்லல. எங்க கொல்லையில ஒண்ணு பழுத்திருக்கு, இன்னும் எதுன்னு கண்ணுல படல. ஜன்னல் வழியா வருதுங்க இப்ப.

ரப்பர்மூடு:
அப்ப சரியாம்.